கடை எறிவது கொஞ்சம், எறிய வைப்பது நிறைய

உணவு வீணாகிறது என்று பேச்செடுத்தால் முதலில் கல்யாணப் பந்தியைத் திட்டுவோம். அடுத்த திட்டு சூப்பர் மார்க்கெட்டுக்கு. இரவு கடை சாத்தும் நேரத்தில் பின்வாசல் வழியாக வெளியேறும் அழுகல் கூடைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோபம் நியாயமாகத்தான் படும். ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் உலகம் முழுக்கக் கடை, ஓட்டல், வீடு ஆகிய மூன்று இடங்களிலுமாக வீணான உணவு 105 கோடி டன். அதில் வீடுகளின் பங்கு 60 சதவீதம். ஓட்டல், கேன்டீன் வகையறா 28 சதவீதம். கடைகளின் பங்கு 12 சதவீதம்தான்.

வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் இந்த எண்ணைச் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் இந்தக் கணக்கு, உணவு எங்கே கிடந்து அழுகியது என்பதை மட்டும் சொல்கிறது. ஏன் அழுகியது என்பதைச் சொல்வதில்லை. வீட்டு ஃப்ரிட்ஜில் கொழகொழத்துப் போன கொத்தமல்லியும், விலை போகாமல் தோட்டத்திலேயே உழுது புதைக்கப்பட்ட தக்காளியும் கடையின் கணக்கில் வராது. இரண்டுக்கும் காரணமான முடிவு பல நேரம் கடையில் எடுக்கப்பட்டதாகவே இருக்கும்.

இதற்கு நல்ல சாட்சி ஒரு கடையே கொடுத்தது. 2013 அக்டோபரில் பிரிட்டனின் மிகப்பெரிய மளிகைச் சங்கிலியான டெஸ்கோ தன் குப்பைக் கணக்கைத் தானே வெளியிட்டது. அந்த ஆண்டின் முதல் ஆறு மாதத்தில் கடைகளிலும் கிடங்குகளிலும் வீணானது 28,500 டன். அதோடு நிறுத்தாமல், சில பொருள்களை வயலில் தொடங்கி வாடிக்கையாளரின் வீடு வரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். பையில் அடைத்து விற்கும் சாலட் கீரையில் 68 சதவீதம் யார் வாயிலும் போகாமல் வீணாகியிருந்தது. அதில் கணிசமான பங்கு வீடுகளில் எறியப்பட்டது. ஆப்பிளில் 40 சதவீதம் வீண். ரொட்டி வகைகளில் கிட்டத்தட்டப் பாதி.

அந்தச் சாலட் பைகளைக் கடை "ஒன்று வாங்கினால் இன்னொன்று" என்கிற பாணியில் ஆஃபர் போட்டு விற்றுவந்தது. வாங்கியவர் ஒரு பையைத் தின்பார். இரண்டாவது பை நீர் விட்டுப் பிசுபிசுத்துக் குப்பைக்குப் போகும். கடையின் ஏட்டிலோ இரண்டு பையும் 'விற்றது' என்றே ஏறியிருக்கும். கணக்கைப் பார்த்த பிறகு பெரிய சாலட் பைகளுக்கு அந்த ஆஃபரை டெஸ்கோ நிறுத்தியது. தட்டு நிறைய ரொட்டியை அடுக்கிக் காட்டும் பழக்கத்தையும் குறைத்தது. 2016இல் இன்னொரு பெரிய சங்கிலியான செயின்ஸ்பரிஸ், இப்படி ஒன்றுக்கு மேல் வாங்கவைக்கும் ஆஃபர்களை மொத்தமாகவே கைவிடப்போவதாக அறிவித்தது. ஒரு கடை தன் ஊரின் வீணடிப்பைக் குறைக்க வேண்டுமென்றால் தொடங்க வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் ஊடகங்களில் பேர் வாங்குவது இது அல்ல, தானம்.

தானம் என்றவுடன் எல்லாரும் கை காட்டுவது பிரான்ஸை. அந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். அங்கே சில சூப்பர் மார்க்கெட்டுகள், விற்காத உணவைக் குப்பைத்தொட்டியில் போட்டு, அதன்மேல் ப்ளீச்சிங் திரவம் ஊற்றுவதை வழக்கமாக வைத்திருந்தன. தொட்டியிலிருந்து எடுத்துத் தின்று யாருக்காவது உடம்புக்கு வந்தால் வழக்கு நம் தலையில் விழும் என்பது அவர்கள் சொன்ன காரணம். பாரிஸை ஒட்டிய கூர்ப்வுவா ஊரின் நகராட்சி உறுப்பினர் அராஷ் தெராம்பார்ஷ் இதற்கு எதிராகக் கையெழுத்து இயக்கம் நடத்தினார். உணவுத் துறை முன்னாள் அமைச்சர் கியோம் கரோ நாடாளுமன்றத்தில் அதைக் கையில் எடுத்தார். 2015இல் ஒரு பெரிய எரிசக்திச் சட்டத்தோடு சேர்த்து நிறைவேற்றியதை, நடைமுறை சரியில்லை என்று அரசியல் சாசன மன்றம் தள்ளுபடி செய்தது. தனிச் சட்டமாக மறுபடி கொண்டுவந்து, 2016 பிப்ரவரி 11 அன்று சட்டமாக்கினார்கள்.

அது சொல்வது இவ்வளவுதான். 400 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள கடைகள், விற்காத உணவை வாங்கிக்கொள்ள ஏதாவது ஒரு தொண்டு அமைப்போடு ஒப்பந்தம் போட்டாக வேண்டும். தின்னத் தகுந்த உணவை வேண்டுமென்றே கெடுத்தால் 3,750 யூரோ அபராதம் என்று 2016இல் வைத்தார்கள். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று சட்டம் அளவு எதுவும் வைக்கவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆண்டுக்கு நாலு பெட்டி கொடுத்தாலும் சட்டத்தை மீறியதாகாது. ஆனாலும் கொடுத்தார்கள். அதற்குக் காரணம் அபராதம் மட்டும் அல்ல. கொடுத்த சரக்கின் மதிப்பில் 60 சதவீதத்தை வரியில் கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகை இந்தச் சட்டத்துக்கு முன்பே அங்கே இருந்தது. குப்பையை அள்ளவும் காசு. கொடுத்தால் வரிச் சலுகை. கடை முதலாளிக்கு இதில் மனமாற்றம் தேவைப்படவில்லை, கால்குலேட்டர் போதும்.

சட்டத்தின் மறுபக்கம் தொண்டு அமைப்புகளின் வாசலில் தெரிந்தது. காலாவதிக்கு ஒரு நாள் இருக்கும்போது ஐம்பது கிலோ தயிர்க் கோப்பைகளை இறக்கிவிட்டுப் போனால் அவர்கள் என்ன செய்வார்கள்? குளிர்சாதன வண்டி வேண்டும், தரம் பிரிக்க ஆள் வேண்டும், வாங்கிக்கொள்ள அன்றைக்கே வரிசையில் ஆள் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கடையின் குப்பை, கை மாறித் தொண்டு அமைப்பின் குப்பையாகும். வரிக்கழிவு மட்டும் கடைக்குப் போகும். இதனால்தான், காலாவதிக்கு 48 மணி நேரமாவது மிச்சமிருக்கும்போதே கொடுக்க வேண்டும் என்பதைப் பொது விதியாக்கினார்கள். பிரெஞ்சுச் சட்டத்திலேயே ஒரு வரிசை உண்டு: முதலில் மிச்சமே வராமல் பார்த்துக்கொள், பிறகு மனிதர்களுக்குக் கொடு, பிறகு கால்நடைக்கு, கடைசியாக உரத்துக்கோ எரிவாயுவுக்கோ. இரண்டாவது படிதான் உலகப் புகழ் பெற்றது. முதல் படியைப் பற்றி யாரும் தலையங்கம் எழுதவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். உபரி உணவை மீட்டுப் பகிர்வதற்கென்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019இலேயே தனி ஒழுங்குமுறைகளை வெளியிட்டிருக்கிறது. கொடுக்க விரும்பும் கடைக்கு வழி இருக்கிறது. ஆனால் வரிக் கணக்கில் இடிக்கிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவுப்படி, அழிக்கப்பட்ட சரக்குக்கும் இலவசமாகக் கொடுத்த சரக்குக்கும் ஒரே நடைமுறைதான்: வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்ப வரவு வைத்துக்கொள்ள முடியாது. வருமான வரியில் நன்கொடைக்குக் கிடைக்கும் சலுகையும் பணமாகக் கொடுத்தால்தான். பொருளாகக் கொடுத்தால் கிடையாது. அதாவது, காலாவதியை நெருங்கும் நூறு பிஸ்கட் பாக்கெட்டைக் குப்பையில் போட்டாலும் ஆதரவற்றோர் இல்லத்துக்குக் கொடுத்தாலும் வரிக்கணக்கில் கடைக்காரருக்கு ஒன்றுதான். கொடுப்பதென்றால் ஆட்டோ வாடகை கூடுதல் செலவு. பிரான்ஸிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அபராதத்தை அல்ல, இந்த வரிக் கழிவைத்தான்.

வழக்குப் பயம் இன்னொரு தடை. நல்லெண்ணத்தோடு உணவு கொடுத்தவரைப் பாதுகாக்க அமெரிக்கா 1996இலேயே சட்டம் கொண்டுவந்தது; சிங்கப்பூர் 2024 ஆகஸ்டில் நிறைவேற்றியது. இதையெல்லாம் எதிர்பார்க்காமல் நம் ஊரிலும் வேலை நடக்கத்தான் செய்கிறது. கோயம்புத்தூரில் 2014இல் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' அமைப்பு விசேஷ வீடுகளின் மிச்சத்தைச் சேகரித்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. சென்னை பெசன்ட் நகரில் 2017இல் 'ஐயமிட்டு உண்' என்ற பெயரில் பொதுக் குளிர்பெட்டி வைத்தார்கள். இருப்பவர் வைக்கலாம், இல்லாதவர் எடுக்கலாம். தெருமுனைக் கடைக்காரர் ஒருவர் தினமும் மாலை பத்துப் பாக்கெட் பாலையும் ரொட்டியையும் கொண்டுபோய் வைக்க இதுபோன்ற இடம் போதும். பெரிய ஏற்பாடெல்லாம் வேண்டாம்.

ஆனால் தானம் வியாபாரத்தின் கடைசிக் கட்டம். அதற்கு முன்னால் நடப்பது ஆர்டர். எவ்வளவு எடுப்பது என்ற கேள்வியில்தான் அழுகலில் பாதி தீர்மானமாகிறது. பழைய மளிகைக்கடை அண்ணாச்சிக்கு இந்தக் கணக்கு விரல்நுனியில் இருக்கும். ஆடி அமாவாசைக்கு வாழைக்காயும் பூசணியும் எத்தனை போகும், புரட்டாசியில் முட்டைத் தட்டு எத்தனை குறைக்க வேண்டும், கார்த்திகையில் மாலை போட்ட வீடுகள் எந்தத் தெருவில் அதிகம், மழை பிடித்தால் கீரைக்காரம்மாவிடம் எத்தனைக் கட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் எல்லாம் அவருக்குத் தெரியும். நகரத்துச் சங்கிலிக் கடையில் ஆர்டர் போடுவது தலைமை அலுவலகத்துக் கணினி. போன வாரம் விற்றதை வைத்து இந்த வாரத்துக்குக் கணக்குப் போடும் மென்பொருளுக்குப் புரட்டாசி சனிக்கிழமையைச் சொல்லிக்கொடுத்தால் தெரியும். சொல்லிக்கொடுக்காவிட்டால் முட்டை தேங்கும். கடை மேலாளருக்கு ஆர்டரைத் திருத்தும் உரிமை கொடுப்பதற்குச் செலவே கிடையாது. ஆனால் பல சங்கிலிகளில் அவருக்குத் தலைவலி தருவது அழுகல் அல்ல, காலி அலமாரி. மாலை ஏழு மணிக்குத் தட்டு காலியாக இருந்தால் மேலிடத்திலிருந்து போன் வரும். இரவு பத்து மணிக்கு நாலு கிலோ வெண்டைக்காய் முற்றிக் கிடந்தால் போன் வராது.

இதில் 'ரிட்டர்ன்' என்றொரு சங்கதி உண்டு. ரொட்டி வண்டிக்காரர் காலையில் புதுசை இறக்கிவிட்டு விற்காத பழசை எடுத்துக்கொண்டு போவார். காலாவதியான பிஸ்கட்டையும் ஹெல்த் டிரிங்க் பாட்டிலையும் டிஸ்ட்ரிபியூட்டர் திரும்ப எடுத்துக்கொள்வார், அல்லது எடுக்க மாட்டேன் என்று தகராறு நடக்கும். சின்னக் கடைக்கு இது பெரிய ஆறுதல், மறுக்கவில்லை. ஆனால் மிச்சம் விழுந்தால் நமக்கு நஷ்டமில்லை என்று தெரிந்துவிட்டால் யார்தான் அளந்து எடுப்பார்கள்? கடையின் கணக்கில் சுத்தம். குப்பை மட்டும் ஊருக்கு வெளியே கம்பெனிக் கிடங்கில் குவியும்.

விலைக்கு வருவோம். வாரச் சந்தையில் இருட்டும் நேரத்தில் போனவர்களுக்குத் தெரியும். காலையில் எடை போட்டு விற்ற கத்தரிக்காய், மாலையில் கூறு கட்டி வைக்கப்பட்டிருக்கும். கூறு இருபது ரூபாய் என்றது, கூட்டம் கலையக் கலையப் பதினைந்தாகி, பத்தாகும். வண்டி ஏற்றித் திரும்பக் கொண்டுபோகும் செலவைவிட, வந்த காசு லாபம் என்பது வியாபாரியின் கணக்கு. வாங்குபவருக்கும் அன்றைக்கே குழம்பு வைக்கத்தான் காய் என்பதால் லேசான வாடலில் குறையொன்றுமில்லை. சூப்பர் மார்க்கெட்டில் அதே கத்தரிக்காய் காலையில் என்ன விலையோ இரவு வரை அதே விலை. மறுநாள் காலை அது குப்பை. நடுவில் பாதி விலை என்ற படியே இல்லை. ஜப்பானிய சூப்பர் மார்க்கெட்டுகளில் மாலையானதும் ஊழியர் ஸ்டிக்கர் ரோலோடு வந்து சமைத்த உணவு, மீன் பெட்டிகளின் மேல் தள்ளுபடிச் சீட்டு ஒட்டிக்கொண்டு போவார். அதற்காகவே காத்திருந்து வாங்குபவர்கள் உண்டு. 'மலிவு விலைக்குக் காத்திருந்தால் முழு விலைக்கு யார் வாங்குவார்?' என்று இங்கே சங்கிலிக் கடைக்காரர்கள் தயங்குகிறார்கள். சந்தைக்காரர்கள் காலையிலும் விற்கிறார்கள், மாலையிலும் விற்கிறார்கள்.

சரக்கைக் கையாள்வதில் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. செய்யாமல் விடுவதுதான் பிரச்சினை. வாழைப்பழத்தை 13 டிகிரிக்குக் கீழே வைத்தால் தோல் கறுக்கும். கறுத்த பழத்தை யாரும் தொட மாட்டார்கள். வாழைப்பழமும் ஆப்பிளும் பழுக்கும்போது விடும் எத்திலீன் வாயு பக்கத்திலிருக்கும் கீரையைச் சீக்கிரம் மஞ்சளாக்கும், ஆனால் கண்ணுக்கு அழகாக இருக்கிறதென்று இரண்டையும் அடுத்தடுத்து அடுக்கும் கடைகளே அதிகம். கரன்ட் பில்லுக்குப் பயந்து இரவில் ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுப் போகும் கடைகளும் உண்டு. மறுநாள் வாங்கும் தயிர்ப் பாக்கெட் லேசாக உப்பியிருக்கும், வாய் வைத்தால் புளிக்கும், தேதி மட்டும் சரியாக இருக்கும். மிச்சம் பிடித்த மின்சாரத்தின் விலையை வாடிக்கையாளர் வீட்டுச் சிங்க்கில் ஊற்றுகிறார்.

தேதி என்றதும் அடுத்த சிக்கல். பால் பிரிவின் முன்னால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். முன்வரிசையைத் தொடுபவர் குறைவு. கையை முழங்கை வரை உள்ளே விட்டுப் பின்வரிசைப் பாக்கெட்டை உருவுவோம். இன்று மாலையே காலியாகப் போகும் பாலுக்கும் நாலு நாள் கெடு பார்ப்போம். கடைக்காரர் பழசை முன்னாலும் புதுசைப் பின்னாலும் அடுக்கியதே பழசு முதலில் போகட்டும் என்றுதான். உடனே குடிப்பதாக இருந்தால் முன்னால் இருப்பதையே எடுங்கள் என்று அலமாரியிலேயே அட்டை வைக்கும் இயக்கத்தை 2021இல் ஜப்பான் அரசும் அங்குள்ள கடைச் சங்கிலிகளும் சேர்ந்து நடத்தின. நம் ஊர்க் கடையில் அப்படி எழுதிவைத்தால் 'பழசைத் தள்ளிவிடப் பார்க்கிறான்' என்பார்கள். முன்வரிசைக்கு இரண்டு ரூபாய் குறைத்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

கெட்டுப்போய் ஆபத்தாகும் நாள் வேறு, சுவை கொஞ்சம் குறையத் தொடங்கும் நாள் வேறு. பாக்கெட்டில் இரண்டும் ஒரே மாதிரி அச்சாகியிருப்பதால் இரண்டாவது நாள் கடந்ததையும் விஷம் என்று எறிகிறோம். பிரிட்டனில் மாரிசன்ஸ் சங்கிலி 2022இல் தன் சொந்தப் பிராண்டுப் பாலில் பெரும்பாலானவற்றுக்கு இறுதித் தேதியை எடுத்துவிட்டு, சுவைக்கான தேதியை மட்டும் அச்சிட்டது. அதன்பின் முகர்ந்து பார்த்து முடிவு செய்யச் சொன்னது. அதே ஆண்டு மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர், வெயிட்ரோஸ் கடைகள் நூற்றுக்கணக்கான காய், பழங்களிலிருந்து தேதியையே நீக்கின. உருளைக்கிழங்குக்கு எதற்குத் தேதி? முளை விட்டிருக்கிறதா, பச்சை பாய்ந்திருக்கிறதா என்று பார்த்தால் தெரியாதா? ஆனால் இறைச்சி, மீன், சமைத்த உணவுக்கு மூக்கை நம்பக்கூடாது. கிருமி இருந்தும் வாடை வராமல் இருக்கலாம்.

இந்தியாவில் காற்று வேறு பக்கம் அடிக்கிறது. ஆன்லைனில் உணவு விற்பவர்கள், பொருள் வீட்டுக்கு வந்து சேரும்போது அதன் ஆயுளில் 30 சதவீதமோ 45 நாளோ மிச்சமிருப்பதை உறுதிசெய்ய வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் அறிவுறுத்தியது. காலாவதிக்கு முந்தின நாள் சரக்கை வீட்டு வாசலில் தள்ளிவிட்டுப் போவதைத் தடுப்பது நல்ல நோக்கம்தான். ஆனால் நாற்பது நாள் மிச்சமிருக்கும் சேமியா எங்கே போகும்? ஜப்பான் இதே மாதிரி ஒரு வணிகப் பழக்கத்தில் பல ஆண்டுகள் மாட்டிக்கொண்டது. ஆயுளில் முதல் மூன்றில் ஒரு பங்கு கழிவதற்குள் கடைக்கு வராத சரக்கைக் கடைகள் வாங்காது. அடுத்த பங்கு முடிந்தால் அலமாரியிலிருந்து எடுத்துவிடும். நன்றாக இருக்கும் உணவு இதனால் வீணாகிறது என்று கண்டு, முதல் கெடுவைப் பாதி ஆயுள் வரை தளர்த்த அரசே முயன்று வருகிறது. அவர்கள் விடப்பார்ப்பதை நாம் பிடித்துக்கொள்கிறோம். குறைந்த ஆயுள் என்று தெளிவாகச் சொல்லி, விலை குறைத்து விற்க இடம் வைத்திருந்தால் இரண்டு நோக்கமும் நிறைவேறியிருக்கும்.

பாக்கெட் அளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அண்ணாச்சி கடையில் ஐம்பது கிராம் கசகசா கேட்கலாம். பத்து ரூபாய்க்குத் தக்காளி கேட்கலாம். கறிவேப்பிலை கொசுறாக வரும். தனியாளாகக் குடியிருப்பவருக்கும் வயதான தம்பதிக்கும் இது பெரிய வசதி. அதே ஆள் செல்போனில் ஆர்டர் போட்டால் நூறு கிராம் கொத்தமல்லிக் கட்டுக்குக் குறைந்து வராது. சில்லறையாக விற்பது பழங்கால முறை என்று நினைத்துச் சங்கிலிகள் அதைக் கைவிட்ட வேகத்தில், வெளிநாட்டுக் கடைகள் இப்போது அதைப் புதுமை என்று சொல்லித் திரும்பக் கொண்டுவருகின்றன.

கடைசியாகத் தோட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு காலத்தில் வெள்ளரிக்காயின் வளைவுக்கே விதி இருந்தது: முதல் தரத்துக்கு, பத்து சென்டிமீட்டர் நீளத்துக்குப் பத்து மில்லிமீட்டர் வளைவுக்கு மேல் கூடாது. 2009 ஜூலையில் அதை நீக்கினார்கள். ஆனால் கடைகளின் சொந்தக் கொள்முதல் தரம் அப்படியே நின்றது. கோணல் காய் தோட்டத்தைத் தாண்டவில்லை. 2014இல் பிரான்ஸின் இன்டர்மார்ஷே கடைகள் கோணல் காய்களைத் தனி அடுக்கில் 30 சதவீதம் குறைந்த விலைக்கு விற்றபோது நன்றாகவே போயின. அழுகும் பொருளுக்குக் கொடுத்த ஆர்டரை முப்பது நாளுக்குள் ரத்து செய்வதை 2019இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. கடைசி நேரத்தில் பெரிய கடை கைவிரித்தால் விவசாயிக்கு உழுது புதைப்பதைத் தவிர வழியில்லை என்பதால்.

ஒட்டன்சத்திரத்திலும் பாலக்கோட்டிலும் தக்காளி விலை சரிந்து, பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாமல் சாலையோரம் கொட்டப்படும் செய்தி அடிக்கடி வருகிறது. அந்த வாரம் நகரத்து அலமாரியில் விலை அதே வேகத்தில் இறங்கினால் வீடுகள் கூடுதலாக ஒரு கிலோ வாங்கித் தொக்கு போடும். விலைப்பலகை மெதுவாக நகர்ந்தால் தக்காளி தோட்டத்திலேயே நிற்கும்.

இத்தனையிலும் எந்தக் கடை எதைச் செய்கிறது என்று நமக்குத் தெரிய வழியில்லை. காலாவதியான, நிராகரிக்கப்பட்ட உணவின் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யும்படி 2024 டிசம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கேட்டது உற்பத்தியாளர்களிடமும் இறக்குமதியாளர்களிடமும்தான். சில்லறைக் கடைச் சங்கிலிகளிடம் அல்ல. கணக்கு இல்லாமலில்லை. ஒவ்வொரு கிளையிலும் இரவு ஸ்டாக்கைச் சரிக்கட்ட, தூக்கி எறிந்த ஒவ்வொரு பொருளும் 'டேமேஜ்' என்ற தலைப்பில் பில்லிங் கணினியில் ஏறிக்கொண்டிருக்கிறது. 2013இல் டெஸ்கோ வெளியே எடுத்து வைத்தது அந்த மாதிரிக் கணக்கைத்தான்.